நிழலகத்தின் சைவ முனி

எங்கள் குடியிருப்புக்குப் பெயர் நிழலகம். ஜெலுத்தோங்கில் ஒரு பழைய சீன முதலாளியின் பங்களா இருந்த மனையில் எட்டு வீடுகள் கட்டியிருக்கிறார்கள். வீடு அவரவருக்குச் சொந்தம், நிலம் எல்லாருக்கும் பொது. சமையல் கூடம் பொது, துணி துவைக்கும் இயந்திரம் பொது, நடுவில் இருக்கும் கால் ஏக்கர் புல்தரையும் அதன் ஓரத்து அங்சானா மரமும் பொது. மூளையையும் பொதுவில் வைத்திருக்கலாம். அதை மட்டும் குகதாசன் சார் தம் வீட்டில் பூட்டி வைத்துக்கொண்டார்.

குகதாசன் சார் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கட்டட வடிவமைப்பாளர். யாழ்ப்பாண வழி வந்த குடும்பம், மூன்று தலைமுறையாக மேசை நாற்காலி உத்தியோகம். அவர் டென்மார்க் போய் வந்த பிறகுதான் இந்த யோசனை பிறந்ததாம். அங்கே பல குடும்பங்கள் ஒரே நிலத்தில் சேர்ந்து வாழ்கின்றனவாம், சேர்ந்து உண்கின்றனவாம். நாங்கள் முன்பு இருந்த பாகான் டாலாமில் ஐந்து குடும்பம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். அதைப் பார்க்க எவரும் விமானம் ஏறி வரவில்லை.

நானும் என் கணவர் மோகனராஜும் உள்ளே வந்தது எங்கள் பெருமையால் அல்ல. எட்டாவது வீட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. எட்டும் நிரம்பாமல் வங்கி கடன் தராது என்றது. அப்போதுதான் குகதாசன் சாருக்கு 'எல்லாத் தரப்பு மக்களும்' என்ற சொல் நினைவுக்கு வந்தது. என் கணவர் இந்தத் தீவிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊருக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். நான் அதே பத்து காவானில் ஒன்பது வருடம் சின்னச் சின்ன மின்னணுப் பலகைகளில் கம்பி ஒட்டினேன். தொழிற்சாலை எங்கள் பிரிவை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது கையில் கொடுத்த பணம் இந்த வீட்டுக்கு முன்பணமாகப் போயிற்று. நாற்பத்தேழு வயதுக்காரியை இனி எந்த ஆலையும் கூப்பிடாது. எனக்குத் தெரிந்த மற்றொரு வேலை நெத்திலிச் சம்பல் கிண்டுவது.

அதைத்தான் செய்தேன். ஜெலுத்தோங்கிலும் ஆயர் ஈத்தாமிலும் பதினோரு நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுக் கடைகளுக்கு என் சம்பல் போனது. என் கணவரின் சம்பளம் வீட்டுக் கடனுக்குச் சரி. மீதியெல்லாம், மகளின் கல்லூரி உட்பட, என் குவாலிச் சட்டியிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் எங்கே கிண்டுவது? வீட்டுக்குள் சமையலறைக்குச் சுவர் கிடையாது. 'திறந்த வாழ்வு' என்பார் குகதாசன் சார். பெலாச்சான் என்கிற இறால் விழுதை வறுத்தால் தலையணை வரைக்கும் நாறும். பொதுச் சமையல் கூடத்தில் வெந்நீர் போடக் கூட வக்கில்லாத மின்சார அடுப்பு. புல்தரையில் நெருப்பு கூடாது என்று தீர்மானம், மிச்சம் இருந்தது அங்சானா மரத்தடி. பழைய பங்களாவின் துவைக்கிற தளம் அங்கே சிமெண்டோடு அப்படியே கிடந்தது. காற்று வரும், வெயிலும் வரும். குவாலியை வைத்தேன், பக்கத்தில் பாய் விரித்து நெத்திலி காயப்போட்டேன்.

முதல் வருடம் என்னைக் கொண்டாடினார்கள். நான் வியர்த்து விறுவிறுத்துக் கரண்டி பிடித்து நிற்கும் படத்தை எடுத்து நிழலகத்தின் விளம்பரத் தாளில் போட்டார்கள். கீழே 'நம் மண்ணின் மணம்' என்று எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை பொது விருந்தில் என் சம்பல் இல்லாமல் யாருக்கும் சோறு இறங்காது. அந்தச் சம்பலுக்கு நான் காசு கேட்டதில்லை, அவர்களும் கொடுத்ததில்லை. இரண்டாம் வருடம் பிரஷாந்தி வந்தாள். மணம் நாற்றமாயிற்று.

பிரஷாந்தி குகதாசன் சாரின் அண்ணன் மகள். கோலாலம்பூரில் வங்கி வேலையை விட்டுவிட்டு ஆறாம் எண் வீட்டுக்குக் குடிவந்தவள். அவளுடைய தொழில் ஒலிக் குளியல். பயப்பட வேண்டாம், தண்ணீர் செலவில்லை. ஆட்கள் கண்ணை மூடி வரிசையாகப் படுப்பார்கள், இவள் வெண்கலக் கிண்ணங்களைத் தட்டுவாள், ஒரு மணி நேரம் கழித்து எழுந்து அழுதுகொண்டே வீட்டுக்குப் போவார்கள். அதற்கு மரத்தடியில் ஒரு மரத்தளம் போட வேண்டும் என்றாள். சரியாக என் அடுப்பு இருக்கிற இடத்தில்.

கூட்டம் கூடியது. நிழலகத்தில் எதற்கும் கூட்டம்தான். குப்பைத் தொட்டிக்கு மூடி வாங்கவே மூன்று கூட்டம் நடந்தது. எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒரு கொட்டாங்கச்சி கைமாறும், அதை வைத்திருப்பவர்தான் பேசலாம். பேசி முடித்ததும் ஆளுக்கு ஓர் அட்டை காட்ட வேண்டும். பச்சை என்றால் சம்மதம். ஒரே ஒரு சிவப்பு விழுந்தாலும் தீர்மானம் நிறைவேறாது. மஞ்சள் என்றால் 'எனக்கு மனசில்லை, ஆனாலும் தடுக்க மாட்டேன்' என்று பொருள். நல்லவர்களுக்கென்றே கண்டுபிடித்த நிறம் அது.

குகதாசன் சார் தொண்டையைக் கனைத்தார். "பொது நிலத்தில தனி வருமானம். இதைப் பற்றி நாங்கள் ஆழமாக் கதைக்க வேணும். நான் லோகேஸ்வரியைச் சொல்லேல்ல. ஒரு கொள்கையாச் சொல்லுறன்."

என்னைச் சொல்லவில்லையாம். அந்த நிலத்தில் வேறு எவள் குவாலி வைத்திருக்கிறாள்?

கொட்டாங்கச்சி என் கைக்கு வந்ததும் கேட்டேன். "சார், நான் அடுப்பு வச்சா தனி வருமானம். அந்தத் தங்கச்சி கிண்ணம் வச்சா அது என்னா?"

"லோகா அக்கா, பெர்சனலா எடுத்துக்காதீங்க லா," என்றாள் பிரஷாந்தி. கொட்டாங்கச்சி இல்லாமலே பேசினாள், அதை யாரும் தட்டிக் கேட்கவில்லை. "நான் பண்றது பிசினஸ் இல்ல. அது ஷேரிங். அவங்க குடுக்குறது காசு இல்லக்கா, எனர்ஜி."

"அப்ப என் சம்பல் போத்தலுக்குக் குடுக்குறதும் எனர்ஜிதான்மா. நானும் ஷேரிங்தான் பண்றேன்."

யாரோ சிரித்தார்கள். குகதாசன் சார் சிரிக்கவில்லை. நான் சிவப்பு அட்டையை எடுத்தேன். அவர் மெல்ல ஒரு காகிதத்தைப் புரட்டினார். ஒரு விஷயத்தில் சொந்த நலன் உள்ள வீட்டார் அந்த விஷயத்துக்குச் சிவப்பு காட்ட முடியாது என்று போன வருடமே தீர்மானம் போட்டிருக்கிறதாம். போட்டிருந்தது உண்மைதான். அன்று அடுப்பில் வெங்காயம் கருகுகிறதே என்ற பதைப்பில் நானே பச்சை காட்டிவிட்டு எழுந்து ஓடியிருக்கிறேன். பிரஷாந்திக்கோ சொந்த நலன் கிடையாது, அவளுடையது உலக நலன்.

என் கணவர் இரவல் வாங்கி வந்த பொருள் போல மூலையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் எண் வீட்டு நஜ்வா என் பக்கத்தில் இருந்தாள். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவள், என்னிடம் மலாயில் பேசுவாள், அங்கே எனக்கிருந்த ஒரே தோழி. அவள் மஞ்சள் காட்டினாள், என் கணவரும்தான். மற்றதெல்லாம் பச்சை. திங்கட்கிழமை தளம் போட ஆள் வரும், அதற்குள் அடுப்பை எடுத்துவிட வேண்டும் என்று முடிந்தது. கடைசியில் என் 'விட்டுக்கொடுக்கும் மனப்பான்மைக்கு' எல்லாரும் கை தட்டினார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை கேட்டிருக்கிறேன், கை தட்டிய கதையை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். பதினோரு கடைக்காரர்களுக்கும் என்ன சொல்வது? ஒரு வாரம் சரக்கு போகாவிட்டால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். மகளுக்கு இன்னும் மூன்று பருவம் இருந்தது.

என் கணவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல், ஒன்று சொன்னார். "பத்து காவான்ல நாலு வழி ரோடு போட்டானுங்க பாரு. பாதி தூரம் நேரா போவுது. அங்க ஒரு முனி கல்லு இருக்கு. கல்லுகிட்ட வந்ததும் ரோடு வளைஞ்சு போவுது. அவ்ளோ பெரிய கம்பெனி, ஒரு கல்ல நவுத்த முடியல. நாங்க எல்லா டிரைவரும் அங்க ஹாரன் அடிச்சிட்டுத்தான் தாண்டுவோம்."

அவர் பாட்டுக்குத் தூங்கிப் போனார். எனக்குத் தூக்கம் போயிற்று.

என்னிடம் ஓர் அம்மிக்குழவி இருந்தது. அம்மி பாகான் டாலாமிலிருந்து வீடு மாற்றும்போது உடைந்துவிட்டது. குழவியை எறிய மனமில்லாமல் எலுமிச்சை ஊறுகாய் ஜாடிக்குப் பாரமாக வைத்திருந்தேன். மின்சார அரவை வாங்குவதற்கு முன் பதினோரு வருடம் அதில்தான் நெத்திலியும் பூண்டும் மிளகாயும் அரைத்தேன். திங்கட்கிழமை விடியற்காலை என் கணவர் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் அதைக் கழுவி மஞ்சள் பூசினேன். குங்குமம் வைத்தேன். ஒரு பழைய மஞ்சள் துணியைக் கிழித்துக் கட்டினேன். மரத்தின் வேரிடுக்கில் பாதி புதைத்து நிறுத்தி, முன்னால் மூன்று எலுமிச்சம்பழம் வைத்தேன். மரத்தையும் ஒரு மஞ்சள் துணியால் சுற்றினேன். முனிக்கு இவ்வளவு போதும்.

நிமிர்ந்தால் ஓட்டப் பயிற்சிக்குக் கிளம்பிய நஜ்வா நின்றுகொண்டிருக்கிறாள். என்ன அக்கா இது என்றாள். கல் என்றேன். குழவியைப் பார்த்தாள், என் கையிலிருந்த மஞ்சளைப் பார்த்தாள். "நான் இன்னும் கண்ணாடி போடவில்லை, எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று மலாயில் சொல்லிவிட்டு ஓடினாள். கண்ணாடி அவள் மூக்கின் மேல்தான் இருந்தது.

எட்டு மணிக்குத் தளம் போட ஆள் வந்தது. மேஸ்திரி ராமசாமி, சிம்பாங் அம்பாட்டுக்காரர், அறுபது வயது இருக்கும். முதலில் தாழ்ந்த கிளையை வெட்ட ரம்பத்தோடு வந்தார். மஞ்சள் துணியைப் பார்த்ததும் நின்றார். காலணியைக் கழற்றினார்.

"தங்கச்சி, இத யாரு வச்சது?"

"தெரியல அண்ணே. காலையில பாத்தேன்."

"வச்சதா, வந்ததா?"

அவரே முடிவு செய்துகொண்டார். "வந்ததுதான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எங்க ஊருல ஒருத்தன் இந்த மாதிரி கல்ல மெஷின் வச்சுத் தூக்குனான், அன்னிலேருந்து கை வெளங்கல. எனக்கு இந்த வேலை வேணாம்மா." ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறிவிட்டார்.

குகதாசன் சார் வந்து குதித்தார். "இது தோட்டத்துப் பழக்கம்! படிக்காத சனங்கள் கல்லைக் கண்டால் கும்பிடுங்கள். நாங்கள் சைவ ஆக்கள், எங்களுக்கு இந்த முனி கினியெல்லாம் இல்லை." உரக்கத்தான் சொன்னார். ஆனால் கல்லைத் தொடவில்லை. நான் கவனித்தேன், பத்தடி தள்ளி நின்றுதான் சொன்னார். அன்று மதியம் அவர் கார் கிளம்பவில்லை. பேட்டரி போட்டு நாலு வருடம் ஆயிற்று, கிளம்பாதுதான். சாயங்காலம் அவர் மனைவி ஞானாம்பிகை அம்மா ஒரு குவளைப் பாலோடு மரத்தடிக்கு வந்தார். மறுநாள் சாரே வந்தார், நெற்றியில் மூன்று பட்டை விபூதியோடு.

படிப்பு என்பது பயத்தின் மேல் பூசிய வார்னிஷ் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த இரண்டு வாரம் நான் ராணி. மரத்தளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. முனிக்கு வலது பக்கம் என் அடுப்பு, இடது பக்கம் என் நெத்திலிப் பாய். குவாலியில் மிளகாய் வெந்து எண்ணெய் பிரியும்போது அவரைப் பார்த்துக் கண்ணடிப்பேன். பக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஆட்கள் கும்பிட வந்தார்கள், போகும்போது ஒரு போத்தல் சம்பல் வாங்கினார்கள். மழை பெய்து வேரடி மண் கரைந்ததில் குழவி கொஞ்சம் வெளியே தெரிந்தது. ஞானாம்பிகை அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நேற்றைக்கு விட ஒரு விரல் வளர்ந்திருக்குது!" என்றார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்தி என்று நினைத்திருப்பார்.

என் கணவருக்கு முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். மறு வாரம் கடல் மேல் போகும் இரண்டாம் பாலத்தில் ஒரு கொள்கலன் லாரி அவர் பஸ்ஸை உரசுவது போல வந்து ஒரு முழத்தில் தப்பியது. உள்ளே நாற்பது பேர் இருந்தார்கள். அதன் பிறகு காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று மரத்தைப் பார்த்துக் கையெடுப்பார். "ஏங்க, அது நம்ம குழவிங்க," என்றேன். "தெரியும் லா," என்றார். அதோடு சரி.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான். அது சும்மா இருக்குமா? மூன்றாம் வாரம் முனிக்குத் தகரக் கூரை வந்தது. பிறகு விளக்கு, உண்டியல், உட்கார பெஞ்சு. பிரஷாந்தி வந்து கண்ணை மூடி நின்று, இந்த இடத்தின் அதிர்வு மாறியிருக்கிறது என்றாள். மாறாமல் என்ன, மிளகாய் நெடி. அப்புறம் ஒரு காலை ஞானாம்பிகை அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு என் அடுப்புக்கு வந்தார்.

"லோகேஸ்வரி, முனீஸ்வரருக்கு முன்னால கருவாடு பொரிக்கிறியே. பாவமில்லையோ?"

"அம்மா, முனிக்கு ஆடே வெட்டுவாங்க. சுருட்டு வைப்பாங்க, சாராயம் ஊத்துவாங்க. நெத்திலிக்கா அவரு கோச்சுக்கப் போறாரு?"

"அது காட்டு முனி. இவர் சாந்தமா வந்திருக்கிறார். எனக்குக் கனவில வெள்ளை வேட்டியோட வந்தவர்."

கனவில் வெள்ளை வேட்டி கட்டிவிட்டால் தெய்வம் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

அந்த ஞாயிறே கூட்டம். குகதாசன் சார் வரைபடமே போட்டுக் கொண்டுவந்திருந்தார். மரத்தடி இனி 'புனிதப் பொதுவெளி'. கல்லைச் சுற்றி முப்பது அடிக்கு மீன், இறைச்சி, பூண்டு, வெங்காயம் எதுவும் கூடாது. வெள்ளிக்கிழமை மாலையில் பிரஷாந்தி அங்கே 'முனி தியானம்' நடத்துவாள். அதே கிண்ணங்கள், அதே படுக்கை, முன்னால் மட்டும் என் குழவி. முப்பது அடி அளந்தால் அடுப்பும் பாயும் அந்தச் சிமெண்டுத் தளமும் மொத்தமாக உள்ளே விழுந்தன.

"தனி வருமானம் கூடாது எண்டு நாங்கள் இப்ப சொல்லேல்ல," என்றார் சார், குழைந்த குரலில். "இது தெய்வ சித்தம்."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. கொட்டாங்கச்சியைப் பிடுங்கினேன்.

"தெய்வமும் இல்ல, சித்தமும் இல்ல. அது என் அம்மிக்குழவி. பதினோரு வருஷம் அதுல நெத்திலி அரைச்சேன், பூண்டு அரைச்சேன். என் அடுப்ப நீங்க தூக்கக் கூடாதுன்னு நானே மஞ்சத் துணி கட்டி வச்சேன். போதுமா? மோந்து பாருங்க, இன்னும் பூண்டு வாடை அடிக்கும்!"

குகதாசன் சார் முகம் செத்துப் போகும் என்று எதிர்பார்த்தேன். மூன்று வாரம் பால் ஊற்றியவர் அல்லவா! அவர் என்னைப் பார்த்து, ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போல அன்பாகச் சிரித்தார்.

"பாருங்கோ, எந்தக் கல்லும் முதல்ல வெறுங் கல்லுத்தான். அது ஆர் கையால வர வேணும் எண்டு அதுதான் முடிவு செய்யும். உங்கட கையைத் தேர்ந்தெடுத்திருக்குது. நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்."

"ஐயோ அக்கா, எனக்குப் புல்லரிக்குது," என்றாள் பிரஷாந்தி.

நான் நஜ்வாவிடம் திரும்பினேன். நீ பார்த்தாயே, சொல்லு என்றேன் மலாயில். கொட்டாங்கச்சியையும் அவளிடம் நீட்டினேன். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அக்கா, நான் முஸ்லிம். உங்கள் சாமியை மிளகாய் அரைத்த கல் என்று நான் வாயைத் திறந்து சொன்னால், அது இந்த வட்டத்தோடு நிற்காது. யாராவது எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவார்கள். என்னை மன்னித்துவிடுங்கள்." அவள் சொன்னதில் பிழை இல்லை. இந்த நாட்டில் பிறந்த யாருக்கும் அது புரியும். புரிந்தாலும் எனக்கு அவள் மேல் ஆத்திரமாகத்தான் வந்தது.

சரி, வாயால் சொல்லி என்ன பயன் என்று எழுந்தேன். நேராக மரத்தடிக்குப் போய்க் குனிந்து குழவியை இரண்டு கையாலும் பிடித்தேன். பிடுங்கி எடுத்துக்கொண்டு போய் ஊறுகாய் ஜாடி மேல் வைத்தால் கதை முடிந்தது. அது என் பொருள், பொது நிலமாவது பூநிலமாவது.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. குகதாசன் சாரின் கை என்று நினைத்து உதறினேன். என் கணவர்.

"வேணாம் லோகா."

"விடுங்க. இது என்னான்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நீ அரைக்கறப்ப நான்தான பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேன்." அவர் என்னைப் பார்க்கவில்லை, கல்லைத்தான் பார்த்தார். "அன்னிக்குப் பிரிட்ஜ்ல நாப்பது பேரு. ஒரு முழம். நான் என்னத்த நெனச்சேன்னு நெனக்கற? நீ தூக்கிட்டுப் போயி, நாளைக்கி எனக்கு எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா? வேணாம்மா. இருந்துட்டுப் போவட்டும்."

இருபத்து மூன்று வருடம் அந்த மனிதரோடு குடித்தனம் செய்திருக்கிறேன். ஒரு முறை கூட என் கையை அப்படி இறுக்கிப் பிடித்ததில்லை. நான் குழவியை விட்டேன்.

அட்டைகள் ஏறின. நஜ்வா மஞ்சள். எனக்குச் சொந்த நலன் இருப்பதால் என் சிவப்பு செல்லாது. என் வீட்டின் மற்றோர் அட்டையை என் கணவர் தூக்கினார், தலையைக் குனிந்துகொண்டு. பச்சை. குகதாசன் சார் என் 'காணிக்கைக்கு' நன்றி சொன்னார். கல் இனி நிழலகத்தின் பொதுச் சொத்து என்று குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். மாதாமாதம் ஒவ்வொரு வீடும் செய்ய வேண்டிய பொது வேலையில் எங்களுக்கு விழுந்தது, வெள்ளிக்கிழமை காலையில் முனியைக் கழுவிப் பால் ஊற்றிப் பொட்டு வைப்பது. பொருத்தமான ஆள் நான்தானாம், அதற்கு எல்லாரும் பச்சை காட்டினார்கள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடியும் என்பார்கள். நான் முனி பிடிக்கப் போனேன், அது குகதாசனாய் முடிந்தது.

அடுப்பை எடுத்துவிட்டேன். வீட்டுக்குள் வைத்து நான்கு நாள் முயன்றேன். புகையில் கண் திறக்க முடியவில்லை. மெத்தை, திரைச்சீலை, மகளின் புத்தகம் எல்லாம் பெலாச்சான் ஆயின. இருபுறத்து வீட்டிலிருந்தும் கடிதம் வந்தது, 'அன்புள்ள' என்று தொடங்கி. ஆறு கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். ஏழாவது ஆள் நேற்றுத் தொலைபேசியில், "அடுத்த வாரமாச்சும் நிச்சயமா தருவியா அக்கா?" என்று கேட்டார். தருகிறேன் என்றேன். எங்கே வைத்துக் கிண்டுவேன் என்று எனக்கே தெரியாது.

இன்று வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டுப் பால் செம்போடு போனேன். வேலையை முடித்துவிட்டு வருவோம் என்றுதான் போனேன், வேறு நினைப்பு ஒன்றும் இல்லை. தண்ணீர் விட்டுக் கழுவினேன். முதுகுப் பக்கத்தில் நான் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த பள்ளம் அப்படியே இருந்தது, கட்டைவிரல் தானாக அதில் போய் உட்கார்ந்தது. மஞ்சள் பூசினேன், பொட்டு வைத்தேன், பாலை ஊற்றினேன். எனக்குப் பின்னால் அடுக்குமாடிப் பெண் ஒருத்தி வரிசையில் நின்றாள். அவளுக்காகவாவது கையைக் கூப்ப வேண்டும் என்று கூப்பினேன்.

"அப்பனே, ஒரு குவாலி வைக்கிற அளவுக்காச்சும் எங்கயாவது எடம் காட்டுப்பா," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் கேட்கிறேன் என்று உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது. பின்னால் நின்றவள் "முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை, கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து கேட்கத் தொடங்கினேன்.